கடைசி வரியில் ஓடுவது

இவர் என்னிடம் எதையோ மறைக்கிறார்.

இந்த எண்ணம் மூன்று நொடி மனதின் முன்வரிசையில் நின்றிருக்கும். அதற்குள், பால் பொங்கப் போகிறது என்பது வந்து அதை மூடியது. அடுப்பை அணைத்தேன். நிலானியின் சாக்ஸ் ஒன்றைக் காணோம் என்பது வந்தது. கட்டிலுக்கடியில் தேடி எடுத்தேன். மாத்திரை என்பது வந்தது. விழுங்கினேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது, சற்று முன் ஏதோ ஒன்றை நினைத்தோமே என்பது மட்டும் மிச்சம் இருந்தது. என்ன என்பது இல்லை.

ஐந்து வருடமாக என் மனம் இப்படித்தான் நடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. அதற்கு முன்பிருந்த ஏழு வாரங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. மூளையில் ரத்தக் கசிவு, அறுவை சிகிச்சை, கண் விழிப்பு. விழித்ததும் எல்லாமே ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன. பஸ்ஸில் தவறவிட்ட குடை, மூன்றாம் வகுப்பில் கிள்ளிய டீச்சர், மின்விசிறியின் சத்தம், பசி, சின்ன மாமியாருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள் என்ற கணக்கு, எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில். ஒரு ஸ்பூனைத் தூக்க வேண்டுமென்றால் ஸ்பூனைப் பற்றி நினைக்க இடம் வேண்டும். அந்த இடம் எனக்கு இல்லை.

பிறகு வலது காதுக்குப் பின்னால் ஒரு கருவியை வைத்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் பத்து ஜன்னல்கள் திறந்திருந்தால் எது முன்னால், எது பின்னால், எது சுருங்கி ஓரத்தில் என்று ஒழுங்குபடுத்தும் நிரல் ஒன்று உண்டல்லவா, அதையே மனதுக்குச் செய்கிற கருவி. நிறுவனம் நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. போட்டுக்கொண்ட நாங்கள் அதை அடுக்கி என்றோம்.

அடுக்கியோடு இன்னொன்றும் வந்தது. புதிதாக நடப்பதை என் மூளை தானாக எழுதி வைப்பதில்லை. கருவி விழித்த நாளிலிருந்து நடந்ததெல்லாம் திறந்தே இருக்கிற ஒரே நீண்ட அமர்வில் கிடக்கிறது. நான் தூங்கும்போது திரை இருள்கிறது, அவ்வளவுதான். அமர்வு முடிவதில்லை. நிலானி அந்த அமர்வுக்குள் பிறந்தவள். மூன்றரை வயது. அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அதற்கு வெளியே இல்லை.

"கெளம்பலாமா மிருது? சும்மா ஒரு செக்கப்பு. பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிரலாம்" என்றார் என் கணவர் தரணிதரன். கணபதிப் பகுதியில் மோட்டார் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறார். பொய் சொல்லும்போது தேவையில்லாமல் நேரத்தையும் சேர்த்துச் சொல்வார்.

இவர் என்னிடம் எதையோ மறைக்கிறார், என்று மறுபடி வந்தது. செருப்பு என்பது வந்து மூடியது.

சேவை மையத்தின் காத்திருப்பு அறையில் ஒரு பெரியவரும், இருபத்தெட்டு வயதிருக்கும் ஒரு பெண்ணும், அவள் மடியில் ஒரு குழந்தையும் இருந்தார்கள். பெரியவரின் காதுக்குப் பின்னால் என்னுடையதைப் போலவே தழும்பு. அவர் குழந்தையிடம் குனிந்து, "தம்பிக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குழந்தை, "தாத்தா" என்று அவர் மூக்கைப் பிடித்தது. அவர் சங்கடத்தோடு சிரித்தபடி மூக்கை விடுவித்துக்கொண்டார்.

அந்தப் பெண் என் தழும்பைப் பார்த்தாள். "நீங்களும் புது அடுக்கி மாத்தறதுக்காங்க்கா?"

"மாத்தறதா?"

"லெட்டர் வந்திருக்குமேங்க. பழசு இந்த மாசக் கடைசியோட நின்னுருமாம். எங்க மாமனாருக்குப் போன வாரம் மாத்துனோம். திருச்செங்கோட்டுல இருந்து வர்றோமுங்க. நல்லாத்தான் பேசறாரு, சாப்புடறாரு. என்னையுந்தான் தெரியல, இவனையுந்தான் தெரியல. நான் கல்யாணம் பண்ணி வந்து மூணு வருசமாச்சு. 'அர்த்தநாரி மருமவளா, மவளா'ன்னு ஊரே கேக்கும், அப்படி வச்சிருந்தாரு. நேத்து என்ற கிட்ட, 'அம்முணி, ஒரு வாரமா இங்கியே இருக்கறீங்களே, உங்க வூட்டுல தேட மாட்டாங்களா'ங்கறாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் ஒத்துழைக்கவில்லை.

தரணி என் கையைப் பிடித்தார். "தண்ணி குடிக்கறயா மிருது?"

தண்ணீர் முன்னால் வந்தது. அந்தப் பெண் பின்னால் போகத் தொடங்கினாள். அவள் முகம் எனக்கு எதிரில் இருக்கும்போதே அவள் சொன்னது மங்குவது தெரிந்தது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் கடைக்குப் போகும்போது செய்வதுதான். வாய் சொல்லிக்கொண்டிருப்பதை அடுக்கியால் கீழே தள்ள முடியாது. "புது அடுக்கி போட்டா நிலானியத் தெரியாது," என்று முணுமுணுத்தேன். "புது அடுக்கி போட்டா நிலானியத் தெரியாது." தண்ணீரைக் குடிக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களைக் கூப்பிடும் வரை, பக்கத்து நாற்காலியில் தரணி என்ற நல்ல மனிதர் வியர்த்துக்கொண்டிருக்க, முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

உள்ளே ஃபர்ஹானா என்ற இளம் பொறியாளர் இருந்தாள். கரும்பச்சைத் தலைமறைப்பு, கழுத்தில் அடையாள அட்டை. என் வாய் அசைவதைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணா, அக்காகிட்ட இன்னும் சொல்லலீங்களா?"

"வெளிய தெரிஞ்சுது," என்றார் தரணி.

"பரிசோதனைக்கு உங்க பாதுகாவலர் சாவியக் கொஞ்சம் எடுக்கணும்ணா. மூணு நிமிசம். அக்காவுக்கு எல்லாம் ஒண்ணா தெரியும். தாங்குவாங்களா பாக்கணும்."

அடுக்கியின் பூட்டைத் திறக்கும் சாவி இருந்த தன் கைபேசியில் தரணி விரல் வைத்தார்.

சுவர்த்திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. அதே கணத்தில் என் தலைக்குள்ளும் விரிந்தது. அந்த ஏழு வாரங்களைப் போல மூழ்கடிக்கும் என்று பயந்து நாற்காலியைப் பிடித்தேன். மூழ்கவில்லை. கூட்டமான கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இரைச்சல்தான். ஆனால் யார் யார் என்று தெரிந்தது. ஐந்து வருடத்தில் அந்தக் காயம் ஆறியிருக்கிறது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

திரையில் நாற்பத்துமூன்று ஜன்னல்கள். முன்வரிசையில் குழந்தை, மாத்திரை, சமையல், வீடு, கணவர், விருந்தாளி. கீழே, சுருக்கி வைக்கப்பட்ட பன்னிரண்டு. வேலை. மில். யுனிக்ஸ் கட்டளைகள். கோபம். செல்லமுத்து மேனேஜர். தனியாகப் பயணம். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே குறிப்பு: சுருக்கியவர், பாதுகாவலர்.

நான் ஒரு நூற்பாலையில் பதினொரு வருடம் கம்ப்யூட்டர் நிர்வாகியாக இருந்தேன். அது எனக்குத் தெரியும்தான். யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் அதை நினைத்து ஐந்து வருடமாகிறது என்பது அந்த நாற்காலியில்தான் தெரிந்தது.

"மாமா," என்றேன். "நீங்களா கீழ தள்ளுனீங்க?"

"டாக்டருதான்... ரெஸ்டு வேணும்னாரு. ஒரு ஃபாரம் குடுத்தாங்க. எதெது முன்னால இருக்கோணும், எதெது வேண்டாம்னு டிக் பண்ணச் சொன்னாங்க."

"கோபமும் வேண்டாம்னு டிக் பண்ணுனீங்களா?"

அவர் தலை குனிந்தார். "நீ நல்லாருக்கோணும்னுதான் மிருது."

கோபம் வந்தது. ஐந்து வருடம் கழித்து, சுடச்சுட, முழு அளவில் வந்தது. என்ன விசித்திரம், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. காணாமல் போன ஒரு பல் திரும்பி முளைத்த மாதிரி நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை என்பதும் பக்கத்திலேயே நின்றது. இரண்டாலும் ஒரே நேரத்தில் நிற்க முடிந்தது. இதைத்தான் என்னிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்.

"சாவியத் திருப்பிப் போட வேண்டாம்," என்றேன் ஃபர்ஹானாவிடம். "எனக்கு விசயத்தச் சொல்லு. ஏன் அந்தப் பெரியவருக்கு எல்லாம் போச்சு?"

அவள் தரணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னிடமே சொன்னாள்.

"உங்க செஷன், அதாவது அந்த அமர்வு, ஆரம்பிச்ச அன்னிக்கு ஒரு ஃபைல் எழுதுனாங்கக்கா. பத்து வரி. எதை எழுப்பணும், அடுத்து எதை எழுப்பணும்னு. ஒவ்வொரு வரியா படிச்சு எழுப்பிட்டே வரும். கடைசி வரில அடுக்கி. அடுக்கி ஓடற வரைக்கும் அந்த ஃபைல் அங்கியே நின்னு காத்துட்டிருக்கும். இன்னிக்கும் காத்துட்டுதான் இருக்கு. அடுக்கி நின்னா ஃபைல் முடிஞ்சுது. ஃபைல் முடிஞ்சா செஷன் முடிஞ்சுது."

"அடுக்கி வேற, செஷன் வேறதானே?"

"வேறதான். ஆனா கடைசியா போறவங்கதான கதவச் சாத்திட்டுப் போவாங்க? அந்த வேலைய அடுக்கிட்ட குடுத்துட்டாங்க. எழுதுனவங்களுக்கு அப்ப சுலபமா இருந்திருக்கும். ஒரு நாள் இதை மாத்த வேண்டி வரும்னு யாரும் யோசிக்கல. பழச நிறுத்தாம புதுசு போட முடியாது. பழச நிறுத்துனா..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இந்த மையத்துல பழசு போட்டவங்க இருபத்தாறு பேரு. ஏழு பேருக்கு மாத்தியாச்சு."

தரணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தினேன். பன்னிரண்டு ஜன்னல்களில் ஒன்று தானாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

மில்லில் நான் சேர்ந்த இரண்டாம் வருடம். எந்திரங்களுக்கு வரிசையாக உத்தரவு அனுப்பும் ஃபைல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து, கீழே ஒரு வரி சேர்த்துச் சேமித்தேன். நாளைக்குத்தானே அடுத்த ஓட்டம், அப்போது படித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அது அப்போதே படித்தது. நாற்பத்திரண்டு நூற்பு எந்திரங்கள் ஒரே மூச்சில் நின்றன. செல்லமுத்து மேனேஜர் ஓடி வந்து, என் முன்னால் நின்று, மெதுவாகக் கைதட்டினார். "சபாஷ் அம்முணி. ஸ்ட்ரைக்குக்குக்கூட இப்படி நின்னதில்ல."

அன்று கற்றதை நான் மறந்ததே இல்லை. கீழே தள்ளி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த மாதிரி ஃபைலை யாரும் மொத்தமாக மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை. விரல் வைத்துப் படிக்கிற பிள்ளை மாதிரி, ஒரு வரியை முடித்துவிட்டுத்தான் அடுத்த வரியைப் பார்க்கிறது.

"ஃபர்ஹானா, அந்த ஃபைல் இப்ப பத்தாவது வரில விரல் வச்சு நிக்குது. சரியா?"

"சரிதான்க்கா."

"பதினோராவது வரி இல்லைன்னு அதுக்கு இன்னும் தெரியாது."

அவள் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தாள். "ஓடற ஃபைல்ல கை வைக்கக் கூடாதுங்கறதுதான் முதல் பாடமேக்கா. அது தப்பு."

"தப்புதான். நாற்பத்திரண்டு எந்திரத்த நிறுத்துன தப்பு. அதையே ஒரு தடவ தெரிஞ்சு பண்ணுவோம். கீழ வரி சேத்துட்டா, அடுக்கி நின்னாலும் ஃபைல் முடியாது."

அவள் தன் மேலதிகாரிக்குத் தொலைபேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாள். தலையாட்டல்களிலிருந்தே பதில் தெரிந்தது. திரும்பி வந்து, "கையேட்டுல இல்லாதத செய்யக் கூடாதாம். கம்பெனி ஃபைல்ல கை வச்சா என்ற வேலை போயிருமாம்" என்றாள்.

"அது கம்பெனி ஃபைலா?"

"புரியலக்கா."

"ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரர் பேரு இருக்குமே. பாரேன்."

அவள் தட்டினாள். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அடுக்கி நிறுவனத்தின் பெயரில் இருந்தது. வரிசை பாதுகாவலர் பெயரில். ஆனால் அந்தப் பத்து வரி ஆரம்ப ஃபைல், என் இடத்தில், என் பெயரில் இருந்தது. மிருதுளா. ஐந்து வருடமாக அதன் வாசற்படியை யாரும் தொடவில்லை. நான் உட்பட.

ஃபர்ஹானா சிரித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து விசைப்பலகையை என் பக்கம் தள்ளினாள். "நான் கை வைக்க மாட்டேன்க்கா. நீங்க உங்க ஃபைல எழுதறீங்க. நான் சும்மா பக்கத்துல நின்னு டீ குடிக்கறேன்."

முதலில் மேசைக் கணினியில் ஒத்திகை பார்த்தோம். அதுவும் அதே வகைதான். ஃபர்ஹானா எழுதினாள். பதினோராவது வரியில் புது அடுக்கி, பன்னிரண்டாவதில் ஒரு சாதாரணக் கடிகாரம். பழைய அடுக்கியை நிறுத்தினாள். திரை ஒருமுறை வெளுத்தது. அடுத்த கணம் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுக்கொண்டு வெறுமையாக நின்றது. எல்லாம் போய்விட்டது.

தரணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுதானா உங்க வைத்தியம்?"

நான் இரண்டு வரிகளையும் படித்தேன். இரண்டின் முடிவிலும் முறுக்கு மாதிரி சுழித்த '&' என்ற சின்னக் குறி இருந்தது. 'இதை எழுப்பிவிட்டு, காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போ' என்று அதற்கு அர்த்தம்.

"ரெண்டுலயும் முறுக்கு வச்சிருக்க ஃபர்ஹானா. புது அடுக்கிய எழுப்பிச்சு, காத்திருக்கல. கடிகாரத்த எழுப்பிச்சு, அதுக்கும் காத்திருக்கல. ஃபைல் முடிஞ்சு போச்சு."

"அல்லாவே," என்று அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பயத்துல கை தானா வச்சிருச்சுக்கா."

"அடுக்கிக்கு முறுக்கு வேணும். அப்பத்தான் நாளைக்கு அதையும் மாத்தலாம், இதையும் மாத்தலாம், உயிரு அதுல தொங்காது. கடைசி வரிக்குக் கூடாது. அங்க நின்னு காத்திருக்கோணும்."

இரண்டாம் முறை கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அடுக்கியை மூன்று தடவை நிறுத்தி மாற்றினோம். திறந்திருந்த ஒன்றும் மூடவில்லை. தரணி, தன் பட்டறையில் பழுதான பம்பு ஒன்று தண்ணீர் இறைக்கத் தொடங்கும்போது பார்ப்பது போல, குனிந்து பார்த்தார்.

"அக்கா, மேசைக்குக் கடிகாரம் போதும்," என்றாள் ஃபர்ஹானா. "உங்களுக்கு என்ன போடறது? உங்களுக்குள்ள ஏற்கெனவே ஓடறதா இருக்கணும். ஒரு நாளும் தானா மூடிக்காததா இருக்கணும்."

"இதென்ன கேள்வி?" என்றார் தரணி. "பாப்பாதான்." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். முகம் கழுவி வருவதாக வெளியே போனார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஃபர்ஹானா ஜன்னல்களின் கணக்கை எடுத்துக் காட்டினாள். குழந்தை என்ற ஜன்னல் ஒரு நாளில் நாற்பது, ஐம்பது முறை மூடித் திறந்திருந்தது. பள்ளி வேன் ஏறியதும் மூடியிருக்கிறது. தூங்கியதும் மூடியிருக்கிறது. அழுதால் திறந்திருக்கிறது. முன்வரிசையில் வலுக்கட்டாயமாக வைத்திருந்தும் அப்படி. கணவர் என்பதற்கு அந்த அளவுகூட இல்லை. கடவுள் வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிடம்.

பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் காதோரம் சுட்டது. ஒரு தாய்க்குள் பிள்ளை இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று அந்த எண்கள் சொல்லவில்லை. அன்பு வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. வருவதால்தான் அது அன்பு. ஆனால் மூச்சை அதன் மீது கட்டித் தொங்கவிட முடியாது. அவளுக்கும் அது பாரம்.

"ஒண்ணே ஒண்ணு மூடவே இல்லைக்கா," என்றாள் ஃபர்ஹானா. அடியில், சுருக்கி வைத்த மில் ஜன்னலுக்குள் இன்னொன்று. "செஷன் தொடங்குன முதல் நிமிசத்துல இருந்து ஓடுது. யாரும் பாக்கலைன்னாலும் ஓடிட்டே இருந்திருக்கு. பேரு புரியல. 'வெள்ளைத்தாள்'னு போட்டிருக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மில்லின் சாயப்பிரிவு அலுவலகத்தில் ஒரு பிரிண்டர் இருந்தது. தினமும் காலை பதினொன்று நாற்பதுக்கு அது ஒரு வெள்ளைத்தாளைத் துப்பும். யாரும் கேட்காமல், எதுவும் எழுதாமல், ஒரே ஒரு தாள். பதினொரு வருடம் தேடினேன். பதிவேடுகளைப் பார்த்தேன், கம்பியை மாற்றினேன், ஒரு தடவை அதைக் கணினி வலைப்பின்னலிலிருந்தே துண்டித்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்று நாற்பதுக்குத் தாள் வந்தது. சாயப்பிரிவுக்காரர்கள், "அம்முணிக்கு லெட்டர் வந்திருக்கு" என்று அதை மடித்துக் கொண்டுவந்து தருவார்கள். ஏன் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. ரத்தம் கசிந்த காலையிலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இதையா போடறது?" என்றாள் ஃபர்ஹானா. "பதில் தெரிஞ்சா மூடிக்குமேக்கா."

"பதினோரு வருசம் தெரியாதது. மில்லும் மூடியாச்சு." எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. யார் மேலும் சாயாத, யாராவது இறந்தால் தானும் இறந்துபோகாத, எனக்கே எனக்கான ஒன்று இத்தனை வருடம் இருட்டில் விழித்திருக்கிறது. "இதையே போடறேன். ஆனா அவருகிட்ட சொல்லாத. பாப்பான்னு நெனச்சு அழுதுட்டு வர்றாரு. அப்படியே இருக்கட்டும்."

தரணி முகம் கழுவி வந்ததும் படிவத்தை அவர் முன் வைத்தேன். பழைய அடுக்கியை நிறுத்த அவர் கையெழுத்து வேண்டும். நான் தேர்ந்தெடுத்த புது அடுக்கியில் வரிசை கிடையாது. எதை முன்னால் வைப்பது என்று நானே எடுத்து வைக்க வேண்டும். பாதுகாவலர் சாவி என்ற ஒன்றே அதில் இல்லை.

"தாங்குவியா?" என்றார்.

"தெரியல மாமா. தாங்கறனா இல்லையான்னு நாந்தான் பாக்கோணும்."

கிரீஸ் ஏறிய நகங்களோடு அவர் கை பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "கோபத்துக்கு டிக் போட்டது தப்புதான்" என்றார்.

இரண்டு வரிகளையும் நானே எழுதினேன். ஒன்றில் முறுக்கு. மற்றதில் இல்லை. நான்கு தடவை படித்தேன். சேமித்தேன்.

பழைய அடுக்கி நின்றது.

எல்லாம் அணைந்த அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது? எனக்குப் பெயர் இல்லை. மகள் இல்லை. பயப்படுவதற்கும் யாரும் இல்லை. இருட்டில் எங்கோ ஒரு உருளை சுழலும் சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாக, முனை சற்றே சுருண்டு, ஒரு வெள்ளைத்தாள் வெளியே வந்தது. ஏன், என்று ஒன்று கேட்டது. கேட்டது நான்தான்.

பிறகு ஒவ்வொன்றாக ஜன்னல்கள் வந்தன. இடம் பிடித்து நிற்காமல், எங்கே உட்காரட்டும் என்று கேட்கிற விருந்தாளிகளைப் போல வந்தன.

"அக்கா," ஃபர்ஹானா குனிந்து கேட்டாள். "பாப்பா பேரு என்ன?"

"நிலானி. பொறந்தப்ப ரெண்டு கிலோ எழுநூறு. தோசையோட ஓரத்த மட்டுந்தான் திம்பா. இன்னிக்குக் காலைல ஒரு சாக்ஸக் கட்டிலுக்கடில போட்டுட்டு, பூனை எடுத்துட்டுப் போச்சுன்னு சொன்னா. எங்க வூட்டுல பூனையே இல்ல."

தரணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஃபர்ஹானா கைதட்டினாள். செல்லமுத்து மேனேஜரைப் போல இல்லை, நிஜமாகவே.

இவர் என்னிடம் எதையோ மறைக்கிறார், என்ற காலை எண்ணமும் வந்து நின்றது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இனி அதில் ஒன்றும் இல்லை. நானே மூடினேன். ஐந்து வருடத்தில் நான் மூடிய முதல் ஜன்னல் அது.

மாதக் கடைசிக்குள் மற்ற பதினெட்டுப் பேருக்கும் அந்த இரண்டு வரிகளை எழுதினோம். ஒவ்வொருவரின் ஃபைலும் அவரவர் பெயரில்தான் இருந்தது. அவரவரே தட்டினார்கள், எழுத்தே தெரியாத ஒரு அம்மாள் உட்பட. நான் விரலைப் பிடித்துக் காட்டினேன், அவர் அழுத்தினார். யார் கடைசி வரியில் என்ன வைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் போகவில்லை. நிறுவனம் இதைக் கையேட்டில் சேர்த்தது, கண்டுபிடித்தது தானே என்பது போல. ஃபர்ஹானா கோபப்பட்டாள். எனக்கு அந்தக் கோபத்தைப் பார்ப்பதே பிடித்திருந்தது. திருச்செங்கோட்டுப் பெரியவருக்குப் போனது போனதுதான். அவருடைய மருமகள் இப்போது மூன்று வருடங்களை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

நான் வேலைக்குப் போகிறேன். முதல் நாள், நாற்காலியில் உட்கார்ந்ததும் நிலானியை எடுத்து மெதுவாகப் பின்னால் வைத்தேன். நான்கு மணி நேரம். மாலையில் அவளை நானே முன்னால் எடுத்தபோது, அவள் இதுவரை எனக்குக் காட்டாத முகத்தோடு வந்தாள். அல்லது, தள்ளப்பட்டு வராமல் கூப்பிட்டு வந்ததால் நான் இதுவரை பார்க்காத முகம்.

தரணியிடம் இப்போது சண்டையும் போடுகிறேன். நிறையக் கதையும் சொல்கிறேன். மில் கதைகள், மேனேஜர் கைதட்டிய கதை, வெள்ளைத்தாள் கதை. அந்தக் கதைக்கு அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று மட்டும் நான் சொல்லவில்லை. பாப்பா என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். ஃபர்ஹானா எதிரில் சொல்லும்போது மட்டும் அவளும் நானும் வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம். இலை போட்டுக்கொண்டிருந்தேன். பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய மில்லில் மோட்டார்களை ஏலம் விடுகிறார்கள் என்று போன தரணி, சட்டையெல்லாம் தூசியோடு, கல்யாணச் சேதி கொண்டுவருகிற முகத்தோடு உள்ளே வந்தார்.

"மிருது, மோட்டார் கெடக்கட்டும். உங்க சாயப்பிரிவு எலக்ட்ரீசியன் ஒருத்தரு வந்திருந்தாரு. பேச்சுவாக்குல உன்ற பிரிண்டர் கதையச் சொன்னேன். அந்த மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கறாரு. கூட்டிட்டுப் போயி காட்டவே காட்டிட்டாரு! பதினொண்ணு நாற்பது, தெனமும், வெள்ளைத்தாள். அது ஏன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

என் கையில் இருந்த சாதக் கரண்டி அப்படியே நின்றது.

அவர் எனக்கு நகை வாங்கி வந்திருக்கிறார், புடவை வாங்கி வந்திருக்கிறார். எதையும் இத்தனை பெருமையோடு நீட்டியதில்லை. எனக்குள் அடியில், அந்தக் கடைசி வரியில், உருளை சுழன்றது. பதினாறு வருடத் தாகம். ஒரே ஒரு வாக்கியம், அவர் உதட்டுக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில். எனக்கு அது வேண்டும். அவ்வளவு வேண்டியிருந்தது.

நிலானி இலையின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டா நீயே சிரிச்சிருவே," என்றார் தரணி. "சொல்லட்டுமா?"

நான் கரண்டியைக் குண்டாவில் வைத்தேன். அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டேன்.

"வேண்டாம் மாமா," என்றேன். "சொல்லாதீங்க."